ஊருணித் தண்ணீரும் துப்பாக்கிக் குழலும்

போன வாரம் முருகேசன் வந்திருந்தான். நான் விட்டுவிட்டு வந்த ஆயுதக் கிடங்கில் இப்போது அவன்தான் இருக்கிறான். புதுத் துப்பாக்கிகள் வந்திருக்கின்றனவாம். குழலின் உட்புறம் கண்ணாடிபோல் முலாம் பூசியது.

"வெந்நியே வேண்டாம்ணே. ஒரு இழு, எண்ணெயத் தடவு, வச்சிரு. நீங்கள்லாம் தண்ணியக் கொதிக்கவச்சு ஊத்துவீகளாமே, நெசமா?"

"நெசந்தான்."

"பரளச்சிப் பக்கம் ஒரு தடவ தண்ணிக்கு வரிசையில நின்னீகளாமே, உடுப்போட?"

அதற்கும் நெசந்தான் என்றேன். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். எனக்குத்தான் அன்று முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. பஸ் நிலையம் வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடியும் நடந்தேன். வெடிச் சத்தத்தில் ஒரு காது அடைத்துப்போய், ஐம்பதுக்கு முன்பே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவன் நான். அடைத்த காதுக்குள் இன்னும் பரளச்சிப் பக்கத்துக் கண்மாயின் காற்று சுற்றிக்கொண்டிருக்கிறது. எழுதினால் அடங்கும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அருப்புக்கோட்டையில் நெசவுக் குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். அறுபதுகளின் கடைசியில் போலீஸ் ஆயுதப்படைக்கு ஆளெடுத்தார்கள். நெஞ்சை அளந்தார்கள், ஓடவிட்டார்கள், சேர்த்துக்கொண்டார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றி எல்லோரிடமும் ஒரே கதைதான்: வெயில், பூட்ஸ் கடி, வசவு. எனக்குக் கூடுதலாக ஒன்று. அறுந்த கயிற்றை முடிச்சுத் தட்டாமல் இணைக்க வரும். பாவில் இழை அறுந்தால் சேர்த்துப் பழகிய விரல்கள். யாரோ அதைக் கவனித்து ஆயுதக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே என் கைக்கு வந்தது புல்த்ரூ, துப்பாக்கிக் குழலைத் துடைக்கும் கயிறு.

பெரிய கருவி ஒன்றுமில்லை. ஒரு முனையில் விரல் நீளப் பித்தளைக் குண்டு. அதிலிருந்து முறுக்கிய கயிறு. கயிற்றின் மறுமுனையில் வரிசையாக மூன்று கண்ணிகள். முதலாவது, அழுக்கைச் சுரண்டும் கம்பிவலைக்கு. நடுவிலுள்ளது துணிக்கு, அந்தத் துணித் துண்டைச் சிந்தி என்போம். மூன்றாம் கண்ணியில் எதையும் மாட்டக் கூடாது. துணி உள்ளே சிக்கிக்கொண்டால் பின்பக்கமாக இழுத்தெடுப்பதற்கென்றே அது சும்மா இருக்கும்.

போல்ட்டைக் கழற்று. குழல்வாயைத் தரை நோக்கிச் சாய்த்துப் பின்பக்கம் குண்டைப் போடு. உள்ளே இருட்டில் கலகலத்து இறங்கி, வாய் வழியாக அது எட்டிப்பார்க்கும். துப்பாக்கியின் கட்டையைத் தரையில் ஊன்று, கயிற்றைக் கையில் சுற்று, இழு. நடுவில் நிறுத்தாதே, நின்ற இடத்தில் அழுக்கு குடியேறிவிடும். நேராக இழு, சாய்த்தால் கயிறு குழல்வாயின் விளிம்பைத் தேய்த்துவிடும். கயிறு போய் எஃகைத் தேய்க்குமா என்று சிரிப்பவர்கள் கிணற்றுக் கல்லைக் குனிந்து பார்த்ததில்லை. விளிம்பு தேய்ந்த குழல் குறி சொன்னபடி சுடாது.

இதற்கு முன்னால் ஒரு காரியம் உண்டு. அந்தக் காலத் தோட்டாவில் வெடிமருந்து எரிந்ததும் குழலுக்குள் ஒரு உப்பு படியும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஒரே இரவில் துருவைக் கொண்டுவந்துவிடும். எண்ணெய்க்கும் கரையாது. தண்ணீருக்குத்தான் கரையும். ஆகவே சுட்டு முடித்ததும் புனல் வைத்துக் கொதிக்கும் வெந்நீரை ஊற்ற வேண்டும். பிறகு புல்த்ரூவால் துடைக்க வேண்டும். பிறகு எண்ணெய். இந்த வரிசையை எங்கள் ஏட்டையா வேதம் போலக் காத்தார்.

அருளானந்தம் ஏட்டையா தாமிரபரணிக் கரைக்காரர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. குழலைச் சோதிக்க அவருக்கு விளக்கு வேண்டாம். கட்டைவிரல் நகம் போதும். அந்த ஒரு நகத்தை மட்டும் வளர்த்து, புளி போட்டுத் தேய்த்து, சங்கு போல வெளுப்பாக வைத்திருப்பார். அதைக் குழலின் பின்வாயில் பிடிப்பார். வெயில் நகத்தில் பட்டுக் குழலுக்குள் ஓடும். முன்வாயில் ஒற்றைக் கண்ணை வைத்து நெடுநேரம் பார்ப்பார். சுத்தமாக இருந்தால் "ம்" என்பார். இல்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் துப்பாக்கியை நம் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்பார். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்த நிற்பைத் தாங்க முடியாது.

எழுபதுகளின் நடுவில், மழை பொய்த்த ஒரு வருடம், எங்கள் படைப்பிரிவுக்கு, கம்பெனி என்போம், சுடுபயிற்சி முகாம் பரளச்சிக்குத் தெற்கே ஒரு கண்மாயில் போட்டார்கள். நீர் இருந்தால்தானே கண்மாய். பாளம் பாளமாக வெடித்த கரிசல், அதற்கு அந்தப்பக்கம் உயர்ந்த கரை. அந்தக் கரைதான் எங்கள் குண்டுகளை வாங்கிக்கொள்ளும் மெத்தை. சிவப்புக் கொடி நட்டு, ஆடு மாடுகளை ஓட்டிவிட்டுச் சுட ஆரம்பித்தார்கள். நான் சாமான் லாரியோடு பின்தங்கி, பொழுது சாயும்போதுதான் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் முதல் நாள் சுட்டது, கழுவியது, துடைத்தது எல்லாம் முடிந்து துப்பாக்கிகள் வரிசையாக நின்றன.

காலையில் ஏட்டையா நகத்தைப் பிடித்தார். முதல் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு நின்றார். இரண்டாவதையும் கொடுத்துவிட்டு நின்றார். மூன்றாவதற்கு அவர் முகமே மாறிவிட்டது. எல்லாக் குழலிலும் செந்தூரம் பூசியது போலத் துரு.

"கழுவுனீங்களாவே?"

"கழுவினோம்யா. கொதிக்கக் கொதிக்க ஊத்தினோம்."

ஏட்டையா வெந்நீர் போட்ட அண்டாவுக்குள் கைவிட்டார். அடியில் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு. பெயர்த்து நாக்கில் வைத்தார். துப்பினார்.

"கிணத்துத் தண்ணியா?"

"ஆமாய்யா."

"கொதிச்சா எல்லாத் தண்ணியும் ஒண்ணுன்னு நெனச்சிட்டேன்வே. ஆத்துத் தண்ணி குடிச்சு வளந்த புத்தி." என் பக்கம் திரும்பினார். "உப்பை உப்பால கழுவியிருக்கோம்."

அந்த ஊர்க் கிணற்றில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. நாங்கள் குடிக்கும் தண்ணீரே மாட்டுவண்டிப் பீப்பாயில் பரளச்சியிலிருந்து வந்தது. தொண்டைக்கும் உலைக்குமே அது சரியாகப் போனது. நல்ல தண்ணீர் இன்னும் ஒரே இடத்தில்தான் இருந்தது: ஊருக்கு மேற்கே, முள்வேலி கட்டிய ஊருணி.

துருவைக் கம்பிவலை போட்டு உரித்தெடுத்துவிட்டு, ஏட்டையாவும் நானும் அண்டாவோடு அங்கே போனோம். அண்டாவைத் தூக்கக் கருப்பையா வந்தான். எங்கள் கம்பெனியிலேயே பெரிய உருவம் அவன். படிக்கட்டில் கம்போடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பேச்சியம்மாள். ஊருணிக் காவல் வீட்டுக்கு ஒருநாள் முறை என்றாலும், மற்றவர்கள் முறையையும் அவளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நில்லுங்க. செருப்போட எறங்குனா கால ஒடிச்சிருவேன்."

"பூட்ஸும்மா இது," என்றான் கருப்பையா.

"பூட்ஸுன்னா மட்டும் சந்தனமா மணக்குது? கழத்துலே."

கழற்றினோம். அவள் அண்டாவைப் பார்த்தாள்.

"இதென்ன, கல்யாண வீடா? எதுக்குத் தண்ணி?"

"துப்பாக்கி கழுவ," என்றேன்.

கம்பைப் படியில் ஊன்றினாள். பிறகு சிரித்தாள். அது சந்தோஷச் சிரிப்பில்லை.

"எம் மக இப்பத்தான் புள்ள பெத்துக் கெடக்கா. பச்ச ஒடம்பு. உப்புத் தண்ணிக் கஞ்சி குடிச்சா வயித்தால போகுது. அவளுக்கே ஒரு கொடத்துக்கு மேல நான் மோந்து குடுக்கல. ஒங்க துப்பாக்கிக்குக் குளிப்பாட்டணுமோ?"

"சர்க்காரு வேலம்மா," என்றான் கருப்பையா.

"அந்தச் சர்க்காரு மழய அனுப்பிவிடட்டும். நீ அண்டாவுல இல்ல, லாரியிலயே மோந்துக்கிட்டுப் போ."

ஊருணியைப் பார்த்தேன். நாலு பக்கமும் வறண்ட படி, நடுவில் ஒரு களத்து அளவு தண்ணீர். காற்றடித்தால் சுருங்கியது. கலங்காமல் மொண்டால் மழை வரும் வரை ஊருக்குத் தாங்கும். முகாம் முடியும் வரை எங்கள் அண்டா தினமும் இறங்கினால் சேறுதான் மிஞ்சும். ஏட்டையாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊரு கட்டு என்னத்தா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு ஒரு கொடம். தலைவரு வீட்டுக்கும் ஒரு கொடம், தகரக் கொட்டாயில கெடக்குறவனுக்கும் ஒரு கொடம்."

"எங்களையும் ஒரு வீடுன்னு வச்சுக்கங்க."

என்னை ஏறஇறங்கப் பார்த்தாள். "நீ எந்த ஊரு?"

"அருப்புக்கோட்டை. நெசவுக்காரக."

"அதான் பேச்சு இழையுது. சரி. ஒரு வீடு. ஒரு கொடம். காலையில பொம்பளைகளோட வரிசையில நின்னு வாங்கணும். அதிகாரமா நின்னா அதுவும் கெடையாது."

காலி அண்டாவோடு திரும்பியதைப் பார்த்து இன்ஸ்பெக்டர் அய்யாவுக்குக் கோபம் வந்தது. கெட்ட மனிதர் இல்லை. முகாமைக் குறித்த நாளில் முடிக்க வேண்டும் என்பது அவர் கவலை.

"ஒரு கம்பெனித் துப்பாக்கிக்கு ஒரு குடமா? நாலு பேரைக் கூட்டிட்டுப் போய் எடுத்துட்டு வாய்யா."

"எடுக்கலாம்யா," என்றார் ஏட்டையா மெதுவாக. "எடுத்தா ஊருணி காலியாயிரும். கடைசி நாளு எந்தத் தண்ணியில கழுவ?"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். "நாளைக்கு ஒரு நாள் தர்றேன். நாளன்னைக்குக் காலையில நானே குழலைப் பார்ப்பேன். துரு தெரிஞ்சா அண்டா இறங்கும். அப்புறம் எங்கிட்ட வந்து யாரும் நிக்கப்படாது."

ஒரு நாள். ஒரு குடம். தோற்றால் பேச்சியம்மாளின் மகளுக்கு உப்புக் கஞ்சி. அன்று பகலில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது என் மனம் தறி நாடாவைப் போல அங்கும் இங்கும் ஓடியது. தண்ணீர் ஏன் கொதிக்க வேண்டும்? சூட்டில் உப்பு சீக்கிரம் கரையும், சூடான குழல் சீக்கிரம் காயும். சரி. சுட்டு முடித்த கணத்தில் குழலைத் தொட்டால் கை சுடுகிறதே. அந்தச் சூட்டை முகாமுக்குத் தூக்கிவந்து ஆறவிட்டுவிட்டு, பிறகு அடுப்பு மூட்டித் தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தோம்.

ஏட்டையாவிடம் போனேன். "சுடுற எடத்துலயே தொடச்சிருவோம்யா. கடைசித் தோட்டா போனதும் போல்ட்டக் கழட்டி, நனைச்ச சிந்திய ஒரு இழு. பின்னாடியே காஞ்ச சிந்தி. அப்புறம் எண்ணெய். சூடு குழல்லயே இருக்கு. அண்டாத் தண்ணி எதுக்கு? துணி நனைஞ்சாப் போதும்."

"ஊத்தணும்னு இருக்கு வே. ஊத்தாமத் தொடைக்கணும்னு இல்ல."

"ஊத்த எங்க இருக்குய்யா?"

நகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "அடுத்த வரிசை சுடக் காத்துக்கிட்டு நிக்கும். எடத்தக் காலி பண்ணணும். நேரம்?"

"ரெண்டு ரெண்டு பேரு. ஒருத்தன் கையில ஈரக் கயிறு, இன்னொருத்தன் கையில காஞ்ச கயிறு. ஈரத் துணி வாய்வழியா வெளிய வரும்போதே அடுத்த குண்டு உள்ள விழுந்திரணும்."

"சிக்குனா?"

"மூணாங் கண்ணி இருக்குல்லய்யா."

"அது ஆபத்துக்கு வச்சது. தைரியத்துக்கு வச்சதில்ல," என்றார். ஆனால் கத்தரிக்கோலை எடுத்து அவரே என் பக்கம் நீட்டினார்.

சிந்தியை வழக்கத்தைவிடக் குறுக்கினேன். நனைந்த நூல் பருக்கும். தறிவீட்டில் அது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு துண்டையும் நனைத்துப் பிழிந்து, இழுத்துப் பார்த்து, அளவு பிடித்தேன். பழைய கயிறுகளை எல்லாம் எடுத்து, நைந்த இடங்களை அறுத்துச் சேர்த்தேன். ஆட்களைக் கூப்பிட்டு வெறும் துப்பாக்கியில் இழுக்கவைத்தேன். குண்டு விழும் சத்தம், துணி சீறும் சத்தம், மறுபடி குண்டு. தடுமாறினார்கள். மறுபடி இழுக்கச் சொன்னேன். கை காய்த்துப்போனவர்கள் முறைத்தார்கள். மறுபடி இழுக்கச் சொன்னேன்.

காலையில் உடுப்போடு வரிசையில் நின்றேன். முன்னால் பெண்கள், பின்னால் பெண்கள்.

"ஏட்டி, போலீசு வரிசையில நிக்காகடி. யார் வீட்டுல திருடு?"

"திருடு இல்ல. துப்பாக்கிக்குத் தலக்கி ஊத்தப் போறாகளாம்."

"சீயக்காய் வேணுமாய்யா?"

குடத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். பேச்சியம்மாள் என் குடத்தின் கழுத்தளவு பார்த்து மொள்ளச் சொன்னாள். ஒரு விரற்கடை கூட விடவில்லை.

கண்மாயில் முதல் வரிசை சுட்டு முடித்தது. போல்ட்டுகள் கழன்றன. ஈரச் சிந்தி குழலுக்குள் போனபோது உஸ்ஸென்று ஒரு மூச்சு; வாய் வழியாக மெல்லிய ஆவி. கருப்பாக வெளியே வந்தது துணி. பின்னாலேயே காய்ந்தது. நான் நினைத்ததைவிட வேகமாக இடம் காலியானது. இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்.

கருப்பையாவின் முறை வந்தது. கட்டையை ஊன்றி இழுத்தான். வரவில்லை. காலால் கட்டையை மிதித்து இழுத்தான். கயிறு நார்நாராகப் பிரிய ஆரம்பித்தது.

"விடு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். "எத்தன துணி வச்ச?"

"ரெண்டா மடிச்சேன்ணே. நல்லாத்தான் சுத்தமாகட்டுமேன்னு..."

வரிசை நின்றது. இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். யாரோ கூடாரக் கம்பியைக் கொண்டுவந்து, முன்பக்கமிருந்து இடித்துத் தள்ளலாம் என்றார்கள். ஏட்டையா கம்பியை வாங்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் வரியில் ஒரு கீறல் விழுந்தால் அந்தக் குழல் போனது. அதோடு எங்கள் ஒரு குடத்துத் திட்டமும் போனது.

தரையில் மண்டியிட்டேன். துணி, தோட்டா உட்காரும் வெடியறையைத் தாண்டி வரி தொடங்கும் இடத்திலேயே இறுகியிருந்தது. அதன் வாலில் மூன்றாம் கண்ணி, பின்வாயிலிருந்து பார்த்தால் தெரிந்தது. இரண்டு பக்கமும் எண்ணெய் விட்டேன். காத்திருக்க வேண்டும். ஊற வேண்டும். கைகள் பரபரத்தன, தொடையில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"எவ்வளவு நேரம்யா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எண்ணெய் போற நேரம்யா."

மெல்லிய கம்பிக் கொக்கியால் கண்ணிக்குள் ஒரு புதுக்கயிற்றைக் கோத்தேன். கருப்பையாவைக் குழலைக் கட்டிப்பிடிக்கச் சொன்னேன். "தேர் வடம் மாதிரி வெட்டி இழுக்காத. அசையாம நில்லு. நாந்தான் இழுப்பேன்." நேராகப் பின்னால் சாய்ந்தேன். உடம்பின் பாரம் முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றுக்குக் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொடுத்தேன். உள்ளங்கை அறுந்தது. ஒரு நெல்லளவு நகர்ந்தது. நிறுத்தவில்லை. பொளக்கென்று துணி கழன்று வர, நான் கரிசலில் மல்லாந்து விழுந்தேன்.

ஏட்டையா நகத்தை வைத்துப் பார்த்தார். வரி வரியாக வெளிச்சம். கருப்பையாவிடம் துப்பாக்கியைக் கொடுத்தார். ஒரே ஒரு ஈரச் சிந்தியையும் கொடுத்தார். "சூடு ஆறிப்போச்சு. குழல வெயில்ல சுடவச்சு இழுவும்."

"அடுத்த வரிசை!" என்றார் இன்ஸ்பெக்டர்.

மறுநாள் காலை துப்பாக்கிகளை வரிசையாக நிறுத்தினோம். இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாக எடுத்து வெயிலுக்குப் பிடித்தார். நான் அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குழலில் நெடுநேரம் நின்றார். "இதுல மங்கலா இருக்கே?" அது கருப்பையாவுடையது. காய்ந்த சிந்தியை மாட்டி இழுத்தேன். துணியில் எண்ணெய் மட்டும் வந்தது, சிவப்பு இல்லை. மறுபடி பார்த்தார். கீழே வைத்தார்.

"சரிய்யா. ஒரு குடமே இருக்கட்டும்."

முகாம் முடியும் வரை ஒரு குடம்தான். கடைசி நாள் சிலர் மட்டுமே சுட வேண்டியிருந்ததால் பாதிக் குடம் மிஞ்சியது. லாரிகள் புறப்பட நின்றன. மிச்சத்தை ஊருணியிலேயே விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். பூட்ஸைக் கழற்றிப் படியில் இறங்கிக் குடத்தைச் சாய்க்கப் போனேன்.

"ஏலே, ஏலே! நிறுத்து!" பேச்சியம்மாள் கம்பை ஓங்கிக்கொண்டு வந்தாள். "மோந்த தண்ணிய ஊருணியில திரும்ப விடுவாகளா? எந்த ஊருப் பழக்கம்?"

"மிச்சம் ஆத்தா. நல்ல தண்ணிதான். யாரும் கைவிடல."

"எதுல மிச்சம்?"

"எங்க வீட்டுக் கொடத்துல."

குடத்துக்குள் எட்டிப்பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குடத்தை என் கையிலிருந்து பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தாள். குடம் கம்பெனிக் குடம் என்பதால் நானும் வெறுங்காலோடு பின்னாலேயே போனேன். ஒரு கூரை வீட்டுக்குள் நுழைந்தாள். உள்ளே குழந்தை அழும் சத்தம். அடுப்பில் தண்ணீர் ஊற்றும் சத்தம். நிதானமாக, கடைசிச் சொட்டு வரை. காலிக் குடத்தை வாசலில் கொண்டுவந்து நீட்டினாள். லாரி ஊதிக்கொண்டேயிருந்தது.

"மக எப்படி இருக்கா ஆத்தா?"

"இப்பக் கஞ்சி கொதிக்குதுல்ல. குடிச்சாத் தேறிக்கிருவா." கம்பால் மேற்கே வானத்தைக் காட்டினாள். "மழ பேயட்டும். அப்ப வாங்க எல்லாரும். ஒங்க லாரியையே கழுவிட்டுப் போங்க."